மீன் செத்ததுக்கு அழறது பைத்தியக்காரத்தனமா? அதுக்கு நம்மள தெரியுமா?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமா இதுதான். ஏழு வருஷமா வளர்த்த ஆஸ்கர் மீன் போன வாரம் செத்துப் போச்சு. பேரு கருப்பன். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா கண்ணாடிகிட்ட ஓடி வந்து உடம்ப ஆட்டி ஆட்டி நிக்கும். இப்போ ஹால்ல அந்த டேங்க் இருக்கற பக்கம் திரும்பவே முடியல. வீட்ல ‘ஒரு மீனுக்குப் போய் இப்படியா’ன்னு சிரிக்கிறாங்க. அதுக்கு நெஜமாவே என்ன தெரிஞ்சிருக்குமா, இல்ல சாப்பாட்டுக்காக வந்தத நான் பாசம்னு நெனச்சுக்கிட்டனா, இன்னொரு மீன் வாங்கலாமா வேணாமா?

ரொம்ப வருஷமா மீன் வளர்க்கறவன், சென்னை கொளத்தூர் பக்கம் கலர் மீன் கடைங்கள்ல பாதி ஞாயித்துக்கிழமைய கழிச்சவன்ங்கற முறையில சொல்றேன், அதுக்கு உங்கள தெரியும். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பாசம் இருந்துச்சான்னு கேட்டா, நாம பாசம்னு சொல்ற அந்த சமாச்சாரம் மீன் மூளைக்குள்ள இருக்கா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் அடிச்சு சொல்ல முடியாது. ஆனா நீங்க அழறதுக்கு அந்த ப்ரூஃப் எதுக்கு? ஏழு வருஷம் பாத்துக்கிட்டது நீங்க, அதனால அழறதும் நீங்க. அது திருப்பி எவ்ளோ வெச்சிருந்துச்சுன்னு கணக்கு பாத்துட்டுதான் அழணும்னா மனுஷங்களுக்கே பாதி பேருக்கு அழ முடியாது.

சரி, தெரியும்னு எப்படி இவ்ளோ தைரியமா சொல்றேன்னா, 2016ல ஆக்ஸ்ஃபோர்டும் ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாண்ட் யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஆர்ச்சர் மீன்னு ஒண்ணு இருக்கு, வாயால தண்ணிய பீச்சி இலை மேல உக்காந்திருக்கற பூச்சிய அடிச்சு விழ வெச்சு திங்கற மீன், இந்தியாவுல இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் கழிமுகத்துல எல்லாம் இருக்கு. டேங்குக்கு மேல ஒரு ஸ்க்ரீன் வெச்சு ரெண்டு மனுஷ மூஞ்சி காமிச்சு, அதுல ஒரு மூஞ்சி மேல தண்ணி அடிச்சா சாப்பாடுன்னு பழக்கினாங்க. அப்புறம் அந்த மூஞ்சிய 44 புது மூஞ்சியோட மாத்தி மாத்திக் காமிச்சாங்க, சராசரியா 81 சதவீதம் கரெக்டா பழகின மூஞ்சிய தேடி அடிச்சுது. தலையோட ஷேப், கலர் எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிட்டுக் காமிச்சாலும் 86 சதவீதம். இத்தனைக்கும் நமக்கு மூஞ்சிய அடையாளம் பாக்கறதுக்கு மூளையில இருக்கற அந்தப் பெரிய வெளிப்பகுதி மீனுக்குக் கிடையவே கிடையாது, காட்டுல மனுஷ மூஞ்சிய பாத்து பழக வேண்டிய அவசியமும் அதுக்கு இருந்ததில்ல.

உங்க ஆஸ்கர் சிக்லிட் குடும்பம். அந்தக் குடும்பத்துல ஆள் தெரியறதுங்கறது வாழ்க்கைக்கே வேணும், ஏன்னா ஜோடி சேர்ந்து முட்டை போட்டு, காவல் காத்து, குஞ்சுங்கள கூட்டிக்கிட்டு திரியற மீனுங்க அதுங்க. யாரு என் ஜோடி, யாரு பக்கத்து வீட்டுக்காரன், யாரு புதுசா வந்து முட்டைய திங்கப் பாக்கறவன்னு தெரியலன்னா பொழைக்க முடியாது. ஆப்பிரிக்காவுல டாங்கனிக்கா ஏரியில இருக்கற ஒரு சின்ன சிக்லிட், பழகின மீன மூஞ்சி மேல இருக்கற கோட்ட வெச்சே கண்டுபிடிக்குதுன்னு 2015ல ஜப்பான்காரங்க காமிச்சிருக்காங்க. ஃபிரான்ஸ்ல 2019ல கான்விக்ட் சிக்லிட் வெச்சு பண்ண டெஸ்ட் இன்னும் சுவாரஸ்யம், நம்ம ஊரு கடைங்கள்ல ஈஸியா கிடைக்கற வரி போட்ட மீன்தான் அது. பொண்ணு மீன் தனக்குப் புடிச்ச ஆண் மீனோட இருந்துட்டு அத பிரிச்சு எடுத்துட்டா அதோட நடவடிக்கையே மாறிப் போச்சாம், உள்ள சாப்பாடு இருக்குமோ இருக்காதோன்னு குழப்பமான ஒரு டப்பாவ வெச்சா, ‘எப்படியும் ஒண்ணும் இருக்காது’ங்கற மாதிரி தயங்க ஆரம்பிச்சுது. மனசு உடைஞ்சவன் எதையும் நம்பாம பாப்பான்ல, அந்த மாதிரி.

இப்போ வீட்ல ஒருத்தர் கேப்பாரு, ‘எல்லாம் சாப்பாட்டுக்குத்தான் வருது’ன்னு. ஆமா, பெரும்பாலும் சாப்பாட்டுக்குத்தான். இதுல வெக்கப்பட என்ன இருக்கு? ஆனா ஒண்ணு கவனிச்சிருப்பீங்க, அது சாப்பாட்ட மட்டும் பாக்கல, யாரு கொண்டு வராங்கன்னு பாக்குது. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல ஃப்ளவர்ஹார்ன், அதான் தலையில கொண்டை வெச்ச இன்னொரு சிக்லிட், இருந்துச்சு, அந்த வீட்டுத் தாத்தா சேர்ல வந்து உக்காந்தா போதும், கையில தீனி டப்பா இல்லன்னாலும் கண்ணாடியோரமா வந்து அவரு விரல் போற பக்கமெல்லாம் போகும், மேலயிருந்து கீழ, இடமிருந்து வலம். அதே வீட்டுப் பையன் வந்தா செவுள விரிச்சுக்கிட்டு கண்ணாடிய முட்டும், ஏன்னா அவன்தான் வலை போட்டுப் புடிக்கறவன், டேங்க் கழுவறவன். அந்தப் பையன் வலைய கையில எடுக்கவே வேணாம், அது வெச்சிருக்கற அலமாரிய தொறந்தாலே பின்னாடி மரக்கட்டைக்குள்ள போய் ஒளிஞ்சிக்கும். வலைய ஞாபகம் வெச்சுக்கறது பெரிய விஷயமான்னு கேட்டீங்கன்னா, ஆஸ்திரேலியாவுல ரெயின்போ மீன் வெச்சு 2001லயே பாத்திருக்காங்க, நகர்ந்து வர்ற வலையில ஒரு ஓட்டை எங்க இருக்குன்னு கத்துக்கிட்ட மீனுங்க 11 மாசம் கழிச்சும் அதே ஓட்டை வழியா தப்பிச்சுது. மூணு செகண்ட் ஞாபக சக்தின்னு யாரு கெளப்பி விட்டதோ அந்தக் கதை, அத இன்னும் நம்பறவங்க ஒரு தடவை ஆஸ்கர் இருக்கற டேங்க மாத்தி வெச்சு பாக்கட்டும், ரெண்டு நாள் பக்கவாட்டுல சாஞ்சு படுத்துக்கிட்டு செத்த மாதிரி கிடக்கும், சாப்பிடாது. ஆஸ்கர் வளர்க்கற எல்லாருக்கும் இது தெரியும், ‘கோச்சுக்கிச்சு’ன்னு சொல்லுவோம்.

கோச்சுக்கிச்சுங்கறது நம்ம வார்த்தை, மீனோட வார்த்தை இல்ல, ஒத்துக்கறேன். அது பயமாவும் இருக்கலாம். ஆனா வலி, பயம் இதெல்லாம் மீனுக்கு இல்லவே இல்லன்னு சொல்ற காலம் போயிடுச்சு. 2003ல லின் ஸ்னெட்டன்ங்கற விஞ்ஞானியும் அவங்க கூட இருந்தவங்களும் ட்ரௌட் மீன் உதட்டுல வலி உணரற நரம்பு இருக்கறத காமிச்சாங்க. உதட்டுல தேனீ விஷமும் அசிட்டிக் ஆசிடும் போட்டா மீன் அடியில இருக்கற ஜல்லியில உதட்ட தேய்ச்சுது, உடம்ப ஆட்டிக்கிட்டே இருந்துச்சு, ரொம்ப நேரம் சாப்பிடல, வலி மருந்து குடுத்தா அது கொறைஞ்சுது. இன்னும் எதிர்த்து வாதாடறவங்க இருக்காங்க, ஆனா எனக்கு அந்தப் பக்கம் நிக்க மனசு வரல.

அடுத்தது ஏன் இவ்ளோ ஒட்டிக்கிச்சுங்கற விஷயம். நாய், பூனைன்னா தொட்டு, தடவி, மடியில போட்டு வர்ற பாசம். மீன்ல அது கிடையாது, நடுவுல கண்ணாடி. அப்போ பாசம் எங்க இருந்து வருது? என் அனுபவத்துல அது வேலையில இருந்து வருது. ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் தூங்கும்போது எந்திரிச்சு, மொத நாளே ட்ரம்ல புடிச்சு வெச்ச தண்ணிய தொட்டுப் பாத்து, ஆன்டி குளோரின் ஊத்தி, டியூப் வாயில வெச்சு உறிஞ்சி அந்த நாத்தத் தண்ணி கொஞ்சம் தொண்டைக்குள்ள போய் துப்பி, மூணுல ஒரு பங்கு எடுத்துட்டு புதுத் தண்ணி விட்டு, ஃபில்டர் ஸ்பான்ஞ்ச பழைய டேங்க் தண்ணியிலயே பிழிஞ்சு, தரையெல்லாம் தொடைச்சு முடிச்சு நிமிரும்போது அது முன்னாடி வந்து நிக்குமே, அங்க ஆரம்பிக்குது. இத வாராவாரம் வருஷக்கணக்கா பண்ணியிருக்கீங்க. ஊருக்குப் போனா யாரு சாப்பாடு போடுவான்னு யோசிச்சு ரெண்டு நாள் முன்னாடியே திரும்பி வந்திருப்பீங்க. கரண்ட் போனா ஃபேன் நின்னத விட ஏர் பம்ப் சத்தம் நின்னதுதான் உங்களுக்கு மொதல்ல தெரிஞ்சிருக்கும்.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் வந்தப்போ சென்னையில மீன் வளர்த்தவங்கள கேட்டுப் பாருங்க. பல ஏரியாவுல நாள்கணக்கா கரண்ட் இல்ல. பேட்டரி ஏர் பம்ப் இருந்தவங்க தப்பிச்சாங்க, இல்லாதவங்க மெழுகுவர்த்தி வெச்சுக்கிட்டு மக்குல தண்ணிய மோந்து ஒரு அடி மேல இருந்து ஊத்தி ஊத்தி, அந்த நுரையில காத்து கலக்கட்டும்னு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தாங்க. வீட்ல ஆளுக்கு ஒரு மணி நேரம் ஷிஃப்ட். முந்தின வருஷ வெள்ளத்துல கட்டில் மேல டேங்க ஏத்துன குடும்பமும் உண்டு. அப்படி காப்பாத்தின ஒண்ணு அப்புறம் சாதாரணமா ஒரு நாள் செத்துப் போனா அழாம என்ன பண்ணுவாங்க?

இது வெறும் நம்ம ஃபீலிங் இல்லன்னு காமிக்கற ஒரு ஆராய்ச்சி இருக்கு. 2015ல அமெரிக்காவுல டல்லாஸ்ல, டைப் 1 சுகர் இருக்கற 10 வயசுல இருந்து 17 வயசு வரைக்குமான 28 பசங்கள எடுத்தாங்க. ஒரு குரூப்புக்கு மீன் குடுத்து, காலையிலயும் ராத்திரியும் மீனுக்கு சாப்பாடு போடும்போது உன் சுகரையும் செக் பண்ணிக்கோ, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்தும்போது அம்மா அப்பாவோட உக்காந்து ரீடிங் எல்லாம் பாருன்னு சொன்னாங்க. மூணு மாசத்துல அந்தப் பசங்களோட ஹெச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டற அளவு, 0.5 சதவீதப் புள்ளி கொறைஞ்சுது, மீன் இல்லாத பசங்களுக்கு 0.8 ஏறிச்சு. சின்ன ஆராய்ச்சிதான், அத வெச்சு டாக்டர் சீட்டுல மீன் எழுத முடியாது. ஆனா ‘இந்த உயிர் என் கையில இருக்கு’ங்கற நெனப்பு தன் உடம்பயே சரியா பாத்துக்காத ஒரு பையன கூட எழுப்பி விடுதுன்னா, அந்த உயிர் போனா உள்ள ஏதோ காலியாகத்தானே செய்யும். மீன சும்மா பாக்கறதே மனுஷன ஆத்துதுங்கறதுக்கும் இங்கிலாந்துல ப்ளைமவுத் அக்வாரியத்துல பண்ண 2015 ஆராய்ச்சி இருக்கு, டேங்க்ல மீன் கூடக் கூட பாத்தவங்க இன்னும் அதிக நேரம் நின்னாங்க, இதயத் துடிப்பு கொறைஞ்சுது. ஏழு வருஷமா தினமும் சாயங்காலம் உங்களுக்கு அந்த மருந்து கிடைச்சிக்கிட்டிருந்துச்சு, திடீர்னு நின்னுடுச்சு. டேங்க் பக்கம் திரும்ப முடியாததுல ஆச்சரியமே இல்ல.

அப்போ வீட்ல ஏன் சிரிக்கிறாங்க? கெட்டவங்க இல்ல, அவங்களுக்கு தெரியல, அவ்ளோதான். மீனுக்கு இமை கிடையாது, மூஞ்சியில சிரிப்பு அழுகை காட்டற தசை கிடையாது, கத்தாது, அப்போ உள்ள ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கறாங்க. அப்புறம் விலை. ‘கடையில வாங்கும்போது என்ன, அம்பது ரூபாயா?’ன்னு கேப்பாங்க, ஏதோ விலைக்குத் தகுந்த மாதிரிதான் அழணும்ங்கற மாதிரி. இன்னொண்ணு, நாமளே மீன் திங்கறவங்க. காலையில காசிமேடுல வஞ்சிரம் வாங்கிட்டு வந்து சட்டியில போட்டவனே சாயங்காலம் ஆஸ்கருக்கு அழறான்னா சிரிப்பு வரத்தான் செய்யும், எனக்கே சில நேரம் வரும். ஆனா அதுல முரண்பாடு எதுவும் இல்ல, கோழிக்கறி சாப்பிடற பாட்டி தன் வீட்டுச் சேவல அறுக்க விடாம சண்ட போட்டு வெச்சிருந்தத நம்ம கிராமத்துல எல்லாம் பாத்திருக்கோம். பேர் வெச்ச உயிர் வேற கணக்கு.

இந்த மாதிரி ஊர் மதிக்காத துக்கத்தப் பத்தி கென்னத் டோக்கான்னு ஒரு அமெரிக்க அறிஞர் 1989லயே விரிவா எழுதியிருக்காரு. யாருக்கும் சொல்ல முடியாது, லீவு போட முடியாது, யாரும் துக்கம் விசாரிக்க வர மாட்டாங்க, அதனாலயே அது சாதாரண துக்கத்த விட லேட்டா ஆறும்ங்கறதுதான் விஷயம். இதுக்கு நான் பாத்த வழி ஒண்ணுதான், புரிஞ்சவங்ககிட்ட போய் பேசறது. மீன் கடையில உக்காந்திருந்தா இது நல்லா தெரியும். ஒரு நாள் ஆபீஸ் பேக் மாட்டின ஒரு ஆளு பாலிதீன் கவர்ல செத்துப் போன ஃப்ளவர்ஹார்ன கொண்டு வந்தாரு, தலையில அந்தக் கொண்டை இன்னும் அப்படியே இருந்துச்சு. கவர்ல தண்ணி ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாரு, உயிரோட இருக்கற மீனுக்குப் போடற மாதிரி காத்து அடைச்சு. ‘என்னாச்சுன்னு கொஞ்சம் பாருங்கண்ணா’ன்னு நீட்டினாரு. கடைக்காரண்ணன் அத வாங்கி வெளிச்சத்துல திருப்பி, செவுள தூக்கிப் பாத்து, வயித்த அமுக்கிப் பாத்து, தண்ணி எப்போ மாத்துனீங்க, என்ன தீனி போட்டீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டாரு. செத்த மீனுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். ஆனா அந்தக் கேள்வி பதில் முடிஞ்சதும் வந்தவரு கொஞ்சம் நிதானமாயிட்டாரு, டீ வாங்கிக் குடுத்தாங்க, குடிச்சிட்டுப் போனாரு. துக்க வீட்டுக்கு வர்றவங்க ‘எப்படி ஆச்சு, கடைசியா என்ன பேசினாரு’ன்னு கேக்கறதும் இதுக்குத்தானே.

இன்னொரு ஆறுதல் நம்ம ஊர்ல ரொம்ப ஃபேமஸ். ‘வீட்டுக்கு வர வேண்டிய கண்டத்த மீன் வாங்கிக்கிச்சு, கவலப்படாதீங்க’ன்னு. வாஸ்து மீன்னு ஃப்ளவர்ஹார்ன், அரோவானாவ எல்லாம் வித்தப்போ கூடவே வந்த பேச்சு இது, அதுக்கு முன்னாடியே திருஷ்டிக்கு கருப்பு மீன் ஒண்ணு இருக்கட்டும்னு கோல்ட் ஃபிஷ் கூட்டத்துல ஒரு ப்ளாக் மூர் வாங்கிட்டுப் போவாங்க. யாராவது உங்ககிட்ட இத சொல்லி மனசு லேசாச்சுன்னா நல்லதுதான், நான் குறுக்க வர மாட்டேன். ஆனா எனக்கு இதுல ஒரு பயம் உண்டு. கண்டம் கழிஞ்சுதுன்னு நிம்மதியாயிட்டு அதே தண்ணியில அடுத்த மீன வாங்கி விடுவாங்க, அதுவும் போகும், அப்பவும் கண்டம் கழியும். மூணு மீன் செத்து மூணு கண்டம் கழிஞ்ச வீடு எனக்குத் தெரியும், தண்ணிய டெஸ்ட் கிட் வெச்சுப் பாத்தா, மீனுக்கு விஷமான அம்மோனியா கலர் அட்டைல கடைசி கட்டத்துல நிக்குது.

பாசம் வெக்கறவங்க கையாலதான் நிறைய மீன் சாகுதுங்கறது கேக்க கஷ்டமா இருக்கும், ஆனா உண்மை. அது வாய வாயத் தொறந்து நிக்குதேன்னு ஒரு நாளைக்கு நாலு தடவை தீனி. ஆஸ்கர் மாதிரி மீன் எப்பவும் பசிச்ச மாதிரிதான் நடிக்கும், நம்பாதீங்க, பெரிய மீனுக்கு ஒரு வேளை போதும், வாரத்துல ஒரு நாள் பட்டினி போட்டா கூட நல்லதுதான். போட்ட தீனில திங்காதது அழுகி அம்மோனியா ஆகும், தின்னது கல்லீரல்ல கொழுப்பா சேரும். இன்னும் சில பேரு பாசத்துல தடவிக் குடுப்பாங்க. ஆஸ்கர் கைக்குப் பழகும், உண்மைதான், ஆனா அது உடம்பு மேல இருக்கற வழுவழுப்புதான் அதுக்கு கவசம், நம்ம கையில சோப்பு, சானிடைசர், கொசுக் க்ரீம் எது இருந்தாலும் நேரா அங்க போகுது. கொசு மருந்து ஸ்ப்ரே இருக்கே, அதுல இருக்கற பைரித்ராய்டு வகை மருந்து மனுஷனுக்கு பெருசா ஒண்ணும் பண்ணாது, மீனுக்கு ரொம்பக் கொஞ்சமே போதும். ஏர் பம்ப் ரூம் காத்த இழுத்துத்தான் தண்ணிக்குள்ள தள்ளுது, அப்போ ஸ்ப்ரேவும் சேர்ந்து உள்ள போகும். பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்கும்போதும் இதே கதைதான். கண்ணாடி பௌல்ல ஒரே ஒரு கோல்ட் ஃபிஷ் வெச்சு பர்த்டேக்கு கிஃப்ட் குடுக்கறத பத்தி நான் பேச ஆரம்பிச்சா பதில் நீண்டுடும், ரோம் நகரத்துல 2005லயே அந்த மாதிரி பௌலுக்கு தடை போட்டாங்கன்னு மட்டும் சொல்லி விட்டுடறேன்.

இதெல்லாம் படிச்சிட்டு ‘அப்போ நான்தான் கொன்னுட்டேனா’ன்னு நீங்க ஆரம்பிக்க வேணாம். ஆஸ்கர் நல்லா பாத்துக்கிட்டா 10 வருஷத்துக்கு மேலயும் இருக்கும், 15 தொட்டதும் உண்டு, ஆனா நம்ம ஊரு வீட்டு டேங்க்ல நிறைய ஆஸ்கர் அவ்ளோ வருஷம் வர்றதில்ல, கடையில வாங்கும்போது ரெண்டு இஞ்ச் குட்டியா இருக்கறது ஒரு அடிக்கு வளரும்னு யாரும் சொல்றதில்ல. ஏழு வருஷம் வந்திருக்குன்னா நீங்க தண்ணிய ஒழுங்கா பாத்திருக்கீங்க. தலையில ஓட்டை ஓட்டையா புண் இருந்துச்சா, வயிறு உப்பி செதில் எல்லாம் தூக்கிக்கிட்டு நின்னுச்சா, இல்ல மொத நாள் வரைக்கும் நல்லா இருந்துட்டு காலையில போயிருந்துச்சான்னு ஞாபகப்படுத்தி எழுதி வெச்சுக்கோங்க, ஃபோட்டோ இருந்தா அனுபவம் இருக்கறவங்ககிட்ட காமிங்க. அதோட நிறுத்திக்கோங்க. மீனுக்கு மருத்துவம் தெரிஞ்ச டாக்டர் நம்ம ஊர்ல ரொம்பக் கம்மி, வெளிய ஒண்ணும் தெரியாம உள்ளயே முத்திப் போற வியாதி நிறைய இருக்கு, கண்டுபிடிக்க முடியாததுக்கு உங்கள நீங்களே திட்டிக்கறதுல அர்த்தம் இல்ல.

உடம்ப என்ன பண்ணீங்கன்னு நீங்க சொல்லல. இனிமே படிக்கறவங்களுக்காக சொல்றேன், டாய்லெட்ல போட்டு தண்ணி ஊத்தாதீங்க, ஏரியில குளத்துல வீசாதீங்க, அதுல இருக்கற நோய்க்கிருமி அங்க இருக்கற மீனுக்குப் போகும். நாய் தோண்டாத ஆழத்துல ஒரு செடிக்கடியில பொதைக்கலாம், ஃப்ளாட்டா இருந்தா பெரிய தொட்டி போதும். மஞ்ச குங்குமம் வெச்சு, செம்பருத்தி வெச்சு பொதைச்சவங்க உண்டு, தாராளமா பண்ணுங்க. வீட்ல சின்னப் பசங்க இருந்தா அவங்களையும் கூப்பிடுங்க. ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள அதே மாதிரி இன்னொரு மீன வாங்கி விட்டுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கற அப்பாங்கள பாத்திருக்கேன், எனக்கு அது புடிக்கறதில்ல. பசங்க கண்டுபிடிச்சிடுவாங்க, வாலுல இருக்கற புள்ளி மாறினது உங்களுக்குத்தான் தெரியாது.

பசங்களுக்கு சொல்லணும்னா இங்கிலாந்துல நார்த் யார்க்ஷைர்ல இருந்த டிஷ்ங்கற கோல்ட் ஃபிஷ் கதைய சொல்லுங்க. 1956ல ஒரு திருவிழாவுல பரிசா கிடைச்ச மீன் அது, 1999 வரைக்கும் இருந்துச்சு, 43 வருஷம். சான் ஃபிரான்சிஸ்கோவுல ஸ்டைன்ஹார்ட் அக்வாரியத்துல மெத்தூசலான்னு ஒரு ஆஸ்திரேலிய நுரையீரல் மீன், 1938ல கப்பல்ல வந்தது, 2023ல டிஎன்ஏ வெச்சுப் பாத்து வயசு ஏறக்குறைய 92 இருக்கும்னு சொன்னாங்க. அந்தம்மாவுக்கு வயித்த தடவிக் குடுத்தா புடிக்குமாம், அத்திப்பழம்னா உயிராம், அதுவும் ஃப்ரெஷ்ஷா இருக்கணும், ஃப்ரீசர்ல வெச்சது ஆகாதாம். நம்ம வீட்டுப் பெரியவங்க மாதிரியேதான். அத பாத்துக்கற ஸ்டாஃப்ல ஒருத்தர் ரிட்டயர் ஆகி இன்னொருத்தர் வந்து, அவரும் ரிட்டயர் ஆகியிருப்பாரு.

இப்போ உங்க டேங்க். மனசு கேக்கலன்னு ஸ்விட்ச் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வெச்சிருப்பீங்க, நிறைய பேரு அதான் செய்வாங்க. முடிஞ்சா லைட்ட மட்டும் அணைச்சுட்டு ஃபில்டர ஓட விடுங்க. ஏழு வருஷமா அந்த ஸ்பான்ஞ்சுல வளர்ந்த பாக்டீரியாதான் அம்மோனியாவ நைட்ரைட்டாவும், அத நைட்ரேட்டாவும் மாத்திக்கிட்டிருந்துச்சு, ஓட்டம் நின்னா காத்து இல்லாம செத்து நாத்தம் எடுக்கும். மீன் இல்லாததால அதுக்கும் சாப்பாடு இல்ல, அதனால ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு சிட்டிகை தீனிய போட்டு விடுங்க, அது அழுகி அம்மோனியா குடுக்கும். கருப்பன் ஏதாவது தொத்து வியாதில போயிருந்தா மட்டும் இது வேணாம், எல்லாத்தையும் காலி பண்ணி கழுவி வெயில்ல காய வெச்சு புதுசா ஆரம்பிங்க.

அடுத்த மீன் வாங்கலாமாங்கறதுக்கு எத்தன நாள் கழிச்சுன்னு கணக்கு எதுவும் கிடையாது. சில பேருக்கு காலி டேங்க பாக்க முடியாது, அடுத்த வாரமே வாங்கிடுவாங்க, அது துரோகம் இல்ல. சில பேரு டேங்க தம்பிக்குக் குடுத்துட்டு செடி வளர்க்கப் போயிடுவாங்க, அதுவும் சரி. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், அதே கலர், அதே புள்ளின்னு இன்னொரு கருப்பன தேடாதீங்க. ஆஸ்கருக்கு ஆஸ்கர் குணம் மாறும், இது கைக்கு வராம மூலையிலயே இருக்கற ரகமா இருந்துட்டா பாவம் அந்தக் குட்டி, அது பண்ணாத தப்புக்கு உங்ககிட்ட கெட்ட பேரு வாங்கும். என்னக் கேட்டா வேற இனத்துக்குப் போங்க. கப்பி, மோலி எல்லாம் ரெண்டு வருஷம், ஃபைட்டர் ரெண்டு மூணு வருஷம், அடிக்கடி சாவ பாக்க முடியாதுன்னா அது உங்களுக்கு ஆகாது. ஏஞ்சல் நல்லா வெச்சா பத்து வருஷம் பக்கம் வரும், கோல்ட் ஃபிஷ் சரியான இடம் குடுத்தா அதுக்கும் மேல. இல்ல, ஆஸ்கர்தான் வேணும்னா நாலு அடி டேங்குக்கு கொறைஞ்சு இறங்காதீங்க, கடையில ‘ரெண்டு அடி போதும் சார், இடத்துக்கு ஏத்த மாதிரிதான் வளரும்’னு சொன்னா சிரிச்சிட்டு வெளிய வந்துடுங்க. வாங்கின குட்டிய நேரா உள்ள விடாம தனி டப்பால ரெண்டு மூணு வாரம் வெச்சு, வெள்ளப் புள்ளி எதுவும் வரலன்னு பாத்துட்டு அப்புறம் பெரிய டேங்குக்கு மாத்துங்க.